பிசிறு எடுத்த கை

எங்கள் பம்புத் தொழிற்சாலையில் மாடியில் வரைவார்கள். கீழே வார்ப்பார்கள், கடைவார்கள், துளை போடுவார்கள். எல்லாம் முடிந்து கடைசியில் என் மேசைக்கு வரும். நான் பிசிறு எடுப்பவன். வார்த்த இரும்பிலும் கடைந்த இரும்பிலும் ஓரத்தில் முடி மாதிரியும் செதில் மாதிரியும் வேண்டாத இரும்பு கொஞ்சம் நீட்டிக்கொண்டு நிற்கும். அதுதான் பிசிறு. அதை அரத்தால் ராவி, எமரித் தாளால் தேய்த்து, ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பேன். விரல் எதிலும் மாட்டவில்லை என்றால் அடுத்த பெட்டியில் போடுவேன். முப்பத்தொரு வருஷமாக இதுதான் வேலை. என் கட்டைவிரலில் ரேகை கிடையாது. வருகைப் பதிவுக்கு விரல் வைக்கும் பெட்டி வந்தபோது, அது நான் ஆளே இல்லை என்று சொல்லிவிட்டது.

என் மகள் அதே தொழிற்சாலையில் மாடியில் இருக்கிறாள். இன்ஜினியர். ஆறு வருஷமாக அவள் வரைந்த மூடிகளும் சக்கரங்களும் வரைபடத்தோடு கீழே வருகின்றன. எந்த வரைபடமானாலும் அடியில் வலது மூலையில் ஒரே வரி இருக்கும்: ‘பிசிறும் கூர் விளிம்பும் நீக்கப்பட வேண்டும்.’ மாடியில் எல்லோரும் அதைப் போடுவார்கள். ஆனால் அவள் போட்டது வந்தால், எனக்கென்றே எழுதி அனுப்பியது போல இருக்கும். அவள் தொடங்கினதை நான் முடித்துவைக்கிறேன் என்று ஒரு நினைப்பு. யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் பக்கத்து மேசைக்காரன் சிரிப்பான்.

பக்கத்து மேசைக்காரன் அளவு பார்ப்பவன். நாங்கள் அவனுக்கு வைத்த பெயர் மைக்ரான், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அவன் டீயைக்கூட டம்ளரில் எவ்வளவு உயரம் இருக்கிறது என்று பார்த்துத்தான் வாங்குவான். என்னை மாமா என்பான். உறவு ஒன்றும் இல்லை.

நான் எழுத்துப் படித்தது நாற்பத்து நாலாம் வயதில். தொழிற்சங்கக் கட்டடத்தின் மேல் அறையில் சாயங்காலம் வகுப்பு வைத்தார்கள். மகள் அப்போது பள்ளிக்கூடம் முடிக்கும் சமயம். மார்க் அட்டையில் கையெழுத்துக்குப் பதில் நான் போட்ட கோட்டைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டாள். அந்த வாரமே போய்ச் சேர்ந்தேன். ஒன்பது மாதத்தில் கூட்டிப் படிக்க வந்தது. முதலில் படித்தது தொழிற்சாலைச் சுவரில் இருந்த பலகைகளை. ‘காது அடைப்பான் இல்லாமல் உள்ளே வராதீர்.’ ஒருத்தரும் போடுவதில்லை. ‘இங்கே கை வைக்காதீர்.’ அந்த மிஷின் அந்த இடத்தில் கை வைத்து ஒரு தட்டுத் தட்டினால்தான் ஓடும். பத்தொன்பது வருஷமாக எந்த எழுத்துக்குக் கீழே நின்று வேலை செய்தேனோ, அதையெல்லாம் யாரும் செய்வதில்லை என்பது எழுத்துப் படித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பலகை ஆய்வுக்கு வருகிறவர்களுக்காக மாட்டியிருப்பது. வேலை தெரிந்தவனுக்கு அது தேவையில்லை. இப்படித்தான் மனதில் படிந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பிறகு நடந்ததற்கு இதுதான் வேர்.

நாலு வருஷத்துக்கு முன் எனக்குக் கடைவாய்ப் பல் ஒன்று பாதியாக உடைந்தது. வாயில் எப்போதும் இரும்புத் தூள் இருந்தால் பல் என்ன செய்யும். மகள்தான் பிடிவாதமாகக் கூட்டிப்போனாள். பல் டாக்டரம்மா சின்ன அறையில் தனியாக ஆஸ்பத்திரி வைத்திருந்தார். உடைந்த பல்லைச் சீவி, அதன்மேல் ஒரு தொப்பி மாட்டினார். பிறகு நீலத் தாள் ஒன்றைப் பற்களுக்கு நடுவில் வைத்துக் கடிக்கச் சொன்னார். எடுத்துப் பார்த்தால் தொப்பியில் ஒரு நீலப் புள்ளி. அந்தப் புள்ளியை மட்டும் துளி ராவினார். மறுபடி நீலத் தாள், மறுபடி கடி.

“இப்ப எப்படி இருக்கு? உயரமா தெரியுதா?”

“நல்லா இருக்குங்க” என்றேன். உண்மையில் உயரமாகத்தான் இருந்தது. ஆனால் எத்தனை தடவை அந்த அம்மாவைக் குனிய வைப்பது.

சுவர் ஓரமாக நின்ற மகள், “இல்ல டாக்டர், இன்னும் இடிக்குது. அப்பா தாடை இடது பக்கம் போகுது பாருங்க” என்றாள்.

டாக்டரம்மா திரும்பிப் பார்த்தார். “நீங்க என்ன பண்றீங்கம்மா?”

“பம்பு வரையறேன்.”

“பம்புக்குப் பல்லு உண்டா?”

“பல்லு இல்ல. ஆனா இதேதான் டாக்டர். எங்க ஃபிட்டருங்க நீலம் தடவி மூடியை வச்சுப் பாப்பாங்க. எங்க நீலம் ஒட்டுதோ அங்க சுரண்டுவாங்க. மறுபடி வச்சுப் பாப்பாங்க.”

வீட்டுக்கு வரும் வழி முழுக்க அவள் என் தாடையையே பார்த்துக்கொண்டு வந்தாள். மூன்றாம் நாள் சாப்பிடும்போது சொன்னாள், பல் மருத்துவம் படிக்கப்போகிறேன் என்று.

அவள் அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். “ஏண்டி, பல்லு புடுங்கறதுக்கா இன்ஜினியர் ஆன?”

“புடுங்கறது இல்லம்மா. பொருத்தறது.”

“இருக்கற வேலையில என்ன குறை? மாடி, நாற்காலி, குளுகுளுன்னு காத்து. உங்கப்பன் கீழ தூசியைத் தின்னுட்டு இருக்காரு.”

“நான் வரைஞ்சதை வச்சு ஆறாயிரம் பம்பு போயிருக்கும். ஒண்ணாவது யார் வீட்டுல ஓடுதுன்னு எனக்குத் தெரியாது. இங்க கடிச்சுப் பாத்து, சரியில்லைன்னு சொல்ற ஆள் எதிர்லயே உக்காந்திருக்காரு.”

“உங்கப்பா நல்லா இருக்குன்னுதானே சொன்னாரு?”

“அதனாலதான்” என்றாள்.

அது எனக்கு அப்போது விளங்கவில்லை.

இன்ஜினியர் படித்தவள் நேரே போய்ச் சேர்ந்துவிட முடியாது என்று பிறகுதான் தெரிந்தது. உயிரியல் படித்திருக்க வேண்டும். அவள் பத்தாம் வகுப்போடு அதை விட்டிருந்தாள். இரண்டு வருஷம் சாயங்காலக் கல்லூரிக்குப் போனாள். தவளையை அறுத்து வரைந்த படத்தில், இயந்திரத்துக்குப் போடுவது போலக் கோடு இழுத்து, அம்புக்குறி வைத்து, மில்லிமீட்டரில் அளவு எழுதிவிட்டாள். ஆசிரியை, “இது தவளையா, தவளை செய்யறதுக்கான வரைபடமா?” என்று கேட்டாராம். வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

பிறகு ஒரு பல் மருத்துவரிடம் நூறு மணி நேரம் கூட இருந்து பார்த்ததற்குக் கையெழுத்து வாங்க வேண்டும். டாக்டரம்மாவிடம்தான் போனாள். சனிக்கிழமை சனிக்கிழமை போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பாள்.

“எதையும் தொடக் கூடாதா?” என்று கேட்டேன்.

“தொடக் கூடாது. நூறு மணி நேரம் தொடாம நிக்கத் தெரிஞ்சவங்கதான் அப்புறம் தொடலாம்னு டாக்டர் சொல்றாங்க.”

“நல்ல வேலைதான். எங்க ஃபோர்மேன் நிக்கிற மாதிரி” என்றேன்.

மைக்ரானுக்கு விஷயம் எட்டியபோது அவன் விடவில்லை. “மாமா, பம்பு ஒழுகினா வாஷர் மாத்தலாம். பல்லு ஒழுகினா என்ன மாத்துவா உங்க பொண்ணு?”

“முதல்ல உன் வாயைத்தான் மாத்துவா” என்றேன்.

இதெல்லாம் முடிய அவளுக்கு இருபத்தொன்பது ஆகிவிட்டது. படிப்பு தொடங்கும் நாளில் முப்பது முடிந்திருக்கக் கூடாது என்பது எங்களுக்கு எட்டிய ஒரே பல் மருத்துவக் கல்லூரியின் சட்டம். அவளுக்கு முப்பது முடிய, தொடங்கும் நாளிலிருந்து இரண்டு மாதம் இருந்தது. அதாவது இந்த ஒரு வருஷம்தான். தவறினால் அடுத்தது கிடையாது. இது வீட்டில் மூன்று பேருக்கும் தெரியும். எனக்கும் நன்றாகத் தெரியும்.

விண்ணப்பத்தோடு ஒரு பெட்டி வந்தது. அதில் சுண்ணக்கட்டி மாதிரி வெள்ளைக் கட்டி இரண்டு, ஒரு சின்னக் கத்தி, ஒரு தாள். கட்டியைக் கத்தியால் செதுக்கி, அவர்கள் கொடுத்த அளவில் கோபுரம் மாதிரி ஓர் உருவம் செய்ய வேண்டும். அடியில் சதுரம், நடுவில் ஆறு பட்டை, மேலே உருண்டை. ஒன்று பழக, ஒன்று அனுப்ப. கை எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்பதற்காம். தேர்ந்தால் நேரில் கூப்பிட்டு அங்கேயும் ஒன்று செதுக்கச் சொல்வார்கள்.

முதல் கட்டி உடைந்தது. இரண்டாவதை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தொடங்கி, மதியச் சாப்பாடு இல்லாமல் செதுக்கி முடித்தாள். அவளுக்கு இடது கை. சமையலறை மேசையில் வெள்ளைப் பொடி படிந்து கிடந்தது. துடைக்கப் போன அம்மாவைத் தடுத்து, “இருங்கம்மா, எதையும் அசைக்காதீங்க” என்றாள். முடித்ததும் மெல்லிய துணியில் சுற்றித் தகர டப்பாவில் வைத்து மூடினாள்.

“காட்டேன் பாப்பா” என்றேன். முப்பது வயது ஆகப்போகிறவளை நாங்கள் இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறோம்.

“நானே மறுபடி பாக்கப்போறதில்லப்பா. பாத்தா இன்னும் கொஞ்சம் தொடலாம்னு தோணும். தொட்டா கெட்டுடும். நாளைக்குக் காலையில அப்படியே அனுப்பிடறேன்.”

மறுநாள் எனக்கு முதல் ஷிஃப்ட். விடிந்து வெளிச்சம் வந்துவிட்டது. அவள் குளிக்கப் போயிருந்தாள். அவள் அம்மா பால் வாங்கப் போயிருந்தாள். மேசையில் டப்பாவும் அந்தத் தாளும் இருந்தன. சாப்பாட்டுப் பையை எடுக்க வந்தவன் டப்பாவைத் திறந்தேன்.

அழகாக இருந்தது. பெற்றவன் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம், முப்பத்தொரு வருஷம் ஓரங்களைப் பார்த்தவன் சொல்கிறேன். அளவெல்லாம் அச்சு. ஆனால் கட்டைவிரலால் தடவினேன், விரல் மாட்டியது. பட்டைகளின் மேல் கத்தி போன தடம் வரி வரியாகத் தெரிந்தது. ஓரங்களில் பிசிறு.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை எடுத்தேன். விரலை வைத்துக் கூட்டிப் படித்தேன். நாலாவது வரியும் ஐந்தாவது வரியும் இப்போதும் மனப்பாடம். ‘கத்தியைத் தவிர வேறு எதையும் பயன்படுத்தவோ, கத்தியின் தடங்களைத் தேய்த்து நீக்கவோ கூடாது. விண்ணப்பதாரரைத் தவிர வேறு ஒருவரின் கை இதில் படக் கூடாது.’ படித்தேன். ஒரு வரி விடாமல் படித்தேன். புரியவும் செய்தது.

புரிந்துதான் செய்தேன். பலகைதானே என்று நினைத்தேன். எழுதுகிறவன் எழுதத்தான் செய்வான். கடைசியில் வழவழவென்று இருப்பதைத்தான் எடுத்து வைப்பான், சொரசொரவென்று இருப்பதைத் திருப்பி அனுப்புவான். என் மேசையில் முப்பத்தொரு வருஷமாக அப்படித்தான். அவள் வரைந்த எத்தனை உருப்படிக்குக் கடைசிக் கை என் கை. இதற்கு மட்டும் ஏன் இல்லாமல் போக வேண்டும்?

பையில் எப்போதும் நைஸ் எமரித் தாள் துண்டு கிடக்கும். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. வட்ட வட்டமாக, காற்று படுவது போலத் தேய்த்தேன். ஊதினேன். தடவிப் பார்த்தேன், விரல் வழுக்கிக்கொண்டு போனது. துணியில் சுற்றி வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். அன்று முழுக்க எனக்கு ஒரே குஷி. மைக்ரான்கூடக் கேட்டான், “என்ன மாமா, வாயெல்லாம் பல்லா இருக்கு?” என்று.

அவள் சொன்ன சொல் தவறாமல், திறந்து பார்க்காமலே டப்பாவை ஒட்டி மூடி அனுப்பிவிட்டாள். ‘இது முழுவதும் என் கையால் செய்தது’ என்ற உறுதித் தாளில் கையெழுத்தும் போட்டு வைத்தாள்.

ஆறு வாரத்தில் நேரில் வரச் சொல்லிக் கடிதம் வந்தது. பார்த்தாயா, என் எமரித் தாள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

ரயிலில் நாலு மணி நேரம். நானும் கூடப் போனேன். கல்லூரியில் நீளமான நடை, ஒரு பக்கம் பெஞ்சுகள். விண்ணப்பம் போட்ட பிள்ளைகளெல்லாம் பள்ளி முடித்த குஞ்சுகள். பக்கத்தில் உட்கார்ந்த ஒரு அம்மா, “பொண்ணா, பையனா?” என்று கேட்டார்.

“பொண்ணுங்க.”

“எந்த ஸ்கூல்?”

“ஸ்கூல் இல்லைங்க. இன்ஜினியர். வேலையில இருக்கா.”

அந்த அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, “அப்ப அவங்க உங்க பேத்தியைக் கூட்டிட்டு வந்திருக்காங்களா?” என்றார். இல்லை, அவளேதான் என்றதும் கைப்பையைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. வெளியே வந்ததும் பாப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொண்டேன்.

சொல்லவில்லை. அவள் மூன்று மணி நேரம் கழித்து வெளியே வந்தாள். இடது கை மணிக்கட்டு வரை வெள்ளைப் பொடி. என் எதிரில் வந்து நின்றாள்.

“அப்பா, அந்த டப்பாவைத் தொறந்தீங்களா?”

“பாத்தேன்.”

“பாத்தீங்களா, தொட்டீங்களா?”

“கொஞ்சம் பிசிறு இருந்துச்சு பாப்பா” என்றேன்.

அவள் கண்ணை மூடித் திறந்தாள். பக்கத்து அம்மா தேடுவதை நிறுத்திவிட்டார்.

“கூட ஒரு தாள் இருந்துச்சே. படிக்கலையா?”

அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். “கண்ணாடி இல்லாம இருந்தேன்” என்றேன்.

அவள் தோள் கொஞ்சம் இறங்கியது. “அதான் நானும் சொன்னேன், அப்பா படிச்சிருக்க மாட்டாருன்னு. சரி வாங்க, ரயிலுக்கு நேரமாச்சு.”

உள்ளே நடந்ததை ரயிலில் சொன்னாள். அவள் அங்கே செதுக்கிய கட்டியையும் நாங்கள் அனுப்பிய கட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தார்கள். ஒன்றில் இடது கைக் கத்தியின் தடம் சாய்வாக, சீராக இருந்தது. மற்றதில் தடமே இல்லை, வட்ட வட்டமாகக் கீறல். மூத்த பேராசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார், “ரெண்டும் ஒரே கையாம்மா?” என்று. அவள் எடுத்துப் பார்த்திருக்கிறாள். பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஆறு வருஷமாக அவள் பம்பு மூடிகளில் அதே கீறலைப் பார்த்திருக்கிறாளே. “இல்லை. இதுமேல எங்கப்பா கை பட்டிருக்கு” என்று சொல்லிவிட்டாள்.

வீட்டில் அவள் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். “ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்திருக்கலாமேடி! யாருக்குத் தெரியப்போகுது?”

“அடுத்த கடியில தெரிஞ்சிடும்மா” என்றாள் மகள்.

பிறகு அவள் அம்மா என் பக்கம் திரும்பினாள். “உங்க கை சும்மாவே இருக்காதா? எமரித் தாளை வீட்டுக்குக் கொண்டு வராதீங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?” அவள் சொன்னது தூசிக்காக. ஆனால் எதற்குச் சொன்னால் என்ன, சொல்லித்தான் இருக்கிறாள்.

பதினைந்தாம் நாள் கடிதம் வந்தது. தபால்காரர் என் கையில்தான் கொடுத்தார். அவள் மாடியில் வேலையில் இருந்தாள். நானே பிரித்துப் படித்தேன். ‘நேர்காணலில் தங்கள் கைத்திறனும் நேர்மையும் எங்களுக்கு நிறைவளித்தன. எனினும் அனுப்பிய உருவத்தில் இரண்டாவது கை பட்டிருப்பதால் உறுதிமொழி செல்லாததாகிறது. தங்களை இவ்வாண்டு சேர்க்க இயலவில்லை.’ இவ்வாண்டு என்று போட்டிருந்தார்கள். அவர்களுக்கு அது ஒரு ஆண்டு.

அவள் வந்து படித்தாள். மடித்தாள். குளித்துவிட்டு வந்து அம்மாவுக்குக் காய் நறுக்கிக் கொடுத்தாள். என்னிடம் ஒரு கடுஞ்சொல் இல்லை. அப்பாவுக்குப் படிக்க முடியவில்லை, தெரியாமல் செய்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவள் என்னைத் திட்டாத ஒவ்வொரு நாளும் அந்தப் பொய் என் தொப்பிப் பல் மாதிரி உயரமாக இடித்தது. என்ன சாப்பிட்டாலும் முதலில் அதுதான் பட்டது.

சமையலறை மேசையில் உட்கார்ந்து நாலு நாள் சாயங்காலம் ஒரு கடிதம் எழுதினேன். கல்லூரிக்கு. இவ்வளவு நீளமாக நான் எழுதியதே இல்லை. என் மகள் மேல் தவறு இல்லை, தேய்த்தவன் நான், எனக்குப் படிக்கத் தெரியாது என்று அவள் சொல்லியிருப்பாள், அது சரியில்லை, நாலாவது வரியையும் ஐந்தாவது வரியையும் படித்துவிட்டுத்தான் தேய்த்தேன், பலகை என்று நினைத்தேன், இப்படி எழுதினேன். வரிகள் மேலே ஏறி ஏறிப் போயின. சில சொல்லை மூன்று தடவை அடித்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அதை அவளிடம் கொடுத்தேன். “தப்பெல்லாம் திருத்தி நல்லா எழுதிக் குடு பாப்பா. அனுப்பணும்.”

நின்றபடியே படித்தாள். பாதியில் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

“கண்ணாடி இல்லைன்னு சொன்னீங்க.”

“சொன்னேன்.”

“படிச்சீங்களா?”

“படிச்சேன்.”

“முழுசா?”

“முழுசா.”

தாளை மடியில் வைத்துக்கொண்டாள். “நான் அவங்ககிட்ட, எங்கப்பாவுக்குப் படிக்க வராதுன்னு சொன்னேன்பா. அத்தனை பேர் முன்னாடி. உங்களை விட்டுக்குடுத்துட்டேனேன்னு வந்ததுலேருந்து எனக்குச் சோறு இறங்கல.” குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை. “நீங்க பாத்துக்கிட்டே இருந்தீங்க.”

“திருத்திக் குடு” என்றேன் மறுபடியும், மடையன் மாதிரி.

அவள் எழுந்து தாளை என் முன்னால் வைத்தாள். பேனாவையும் பக்கத்தில் வைத்தாள்.

“மாட்டேன்.”

“கோணல் மாணலா இருக்கு பாப்பா. படிக்கிறவங்க சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டும். இது உங்க கை. நான் தொட மாட்டேன்.”

கோபத்தில் சொன்னாளா, மரியாதைக்குச் சொன்னாளா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. கேட்கவும் துணிச்சல் இல்லை. அப்படியே உறையில் போட்டு அனுப்பினேன்.

ஒரு மாதம் கழித்து ஒரு சின்னப் பெட்டி வந்தது. உள்ளே இரண்டு வரி: தங்கள் கடிதத்தைக் கோப்பில் சேர்த்துக்கொண்டோம், முடிவில் மாற்றமில்லை. கூடவே அவள் அங்கே செதுக்கிய உருவத்தைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். நான் தேய்த்ததை அனுப்பவில்லை.

அவள் அதைச் சமையலறை ஜன்னலில் வைத்தாள். மறைத்தும் வைக்கவில்லை, காட்டியும் வைக்கவில்லை. சனிக்கிழமைகளில் டாக்டரம்மாவிடம் இன்னும் போகிறாள். எதற்கு என்று அவள் அம்மா ஒரு தடவை கேட்டாள். “பாக்கறதுக்கு” என்றாள். போன மாதம் அவளுக்கு முப்பது முடிந்தது.

காலையில் சாப்பாட்டுப் பையை எடுக்கும்போது வெயில் சாய்வாக அந்த உருவத்தின் மேல் விழும். ஆறு பட்டையிலும் கத்தித் தடம் ஒரே சாய்வில் ஓடுவது நன்றாகத் தெரியும். மேல் உருண்டைக்குக் கீழே ஒரே இடத்தில், கடுகளவு, பிசிறு நிற்கிறது. நேரம் போதாமல் விட்டிருப்பாள். என் கட்டைவிரல் தானாக அந்தப் பக்கம் போகிறது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்கிறேன். பிறகு வேலைக்குப் போகிறேன்.